திருட்டுப்போன மன்னிப்பு

“என் பொண்டாட்டிகிட்ட நான் கேட்ட மன்னிப்பை ஒருத்தன் திருடிட்டான் சார்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மூக்கு சார் பேனாவை மூடிக் கீழே வைத்தார். நகைத் திருட்டு, பைக் திருட்டு, ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டியையே தூக்கிக்கொண்டு போன திருட்டு என்று எல்லாம் பார்த்தவர் அவர். மன்னிப்புத் திருட்டு புதிது.

“சுமாரா எவ்வளவு எடை இருக்கும்?” என்றான் மாப்பிள்ளை.

“மாப்ள, வாயை மூடு.”

வாசலில் தொங்கிய பலகையில் துப்பறிவாளரின் முழுப் பெயர் நீளமாக எழுதியிருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. ஊருக்கு அவர் மூக்கு சார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் தொழில் என்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அளவைப் பார்த்து வைத்த பெயர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன்தான் மாப்பிள்ளை, அவர் மனைவியின் தம்பி. “சும்மாதானே இருக்கான், கூட்டிட்டுப் போங்க” என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அன்று முதல் உதவியாளன். அவனை வேலையைவிட்டு அனுப்பினால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் வேலை நிரந்தரம்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் மூக்கு சார்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “என் மனைவிக்கு ஒரு டிவி தொடர்னா உயிர் சார். அது முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. முழுத் தொடரும் டிவிடியா வச்சிருக்கா. அதுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கு. இவ அதுல பொருளாளர். போன மாசம் அவ அக்கா குடும்பம் வந்தப்போ எல்லாரும் உட்கார்ந்து கடைசி டிஸ்க் பார்த்துட்டிருந்தாங்க. கதாநாயகி விளக்கை அணைச்சுட்டு வீட்டை விட்டுப் போற சீன். நான் போய் டிவியை அணைச்சுட்டேன்.”

மாப்பிள்ளை உச்சுக் கொட்டினான். “கதாநாயகி விளக்கை அணைக்கிறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க.”

“அதோட நின்னிருக்கலாம். ‘எல்லாரும் இப்படி அழுதழுது கண்ணு கெட்டாத்தான் நம்ம கடைக்கு வியாபாரம்’னு ஒரு ஜோக் வேற அடிச்சேன்.”

“யாராவது சிரிச்சாங்களா?”

“அவ அக்கா புருஷன் சிரிச்சார். இப்போ அந்த வீட்லயும் பேச்சுவார்த்தை இல்லை.”

மூக்கு சார் தலையசைத்தார். கல்யாணமானவர். விளக்கம் தேவைப்படவில்லை.

“வாயால மன்னிப்புக் கேட்கிறது நமக்கு வராது சார். அதான் அவ டிஸ்க்கையே எடுத்து, அவளுக்குப் பிடிச்ச சீனா வெட்டி, அவளுக்குப் பிடிச்ச பாட்டு மேல ஒட்டி, ஒரு பாட்டு வீடியோ பண்ணினேன். மன்றத்துல எல்லாரும் பண்றதுதான். ஆனா டிவிடியை அப்படியே வெட்ட முடியாது. கம்ப்யூட்டர்ல போட்டு, வெட்டுற மாதிரி ஃபைலா முதல்ல மாத்தணும். முதல் தடவை மாத்தினேன், படம் வந்துச்சு, சத்தம் வரலை. அடுத்த தடவை சத்தம் வந்துச்சு, ஆனா ஆளுங்க எல்லாம் அமுக்கிவிட்ட மாதிரி குண்டா வந்தாங்க. கதாநாயகி அவ மாமியார் சைஸ்ல இருந்தா.”

“மாமியார்?”

“திரைக்குள்ளயே அடங்கலை. அது சரியாகறதுக்கே ஒரு வாரம் ஆச்சு. எல்லாம் முடிச்சு, பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். பார்த்தா. கண்ணு கலங்கினா. காபி போட்டுக் கொடுத்தா சார், கேட்காமலே! மறுநாள் பார்த்தா மன்றத்தோட குழுவுல அதே வீடியோ. அதே வெட்டு, அதே பாட்டு. ‘உருவாக்கம்: உங்கள் தலைவர்’னு கீழே போட்டிருக்கு. அதுவும் நான் கொடுக்கறதுக்கு முந்தின நாளே போட்டிருக்கார்.”

“மன்றத் தலைவர் யாரு?”

“டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரே, அவர்தான். என் மனைவி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா. ‘மன்னிப்புலகூடக் காப்பி அடிக்கிறவரோட எப்படிங்க காலம் தள்றது’ன்னா. பெட்டியை எடுத்தா. அக்கா வீட்டுக்குப் போயிட்டா.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னைக்குச் சாயங்காலம் மன்ற விழா. சிறந்த வீடியோன்னு தலைவருக்குக் கேடயம். பொருளாளர்ங்கிறதால கொடுக்கப்போறது இவதான். கொடுத்த கையோட அக்காகூட வெளியூர் கிளம்பறா. எப்போ வருவேன்னு கேட்டேன். ‘சொந்தமா ஒரு மன்னிப்பு யோசிங்க, அப்புறம் பார்க்கலாம்’னு போனை வச்சுட்டா.”

“வெட்டின துண்டுகள் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே?”

“அழிச்சுட்டேன் சார். கடைக் கம்ப்யூட்டர், இடமே இல்லை. பில் போடறதுக்கே மூச்சு வாங்குது.”

மூக்கு சார் எழுந்தார். “கடைக்குப் போய் இருங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க மன்னிப்பை மீட்டுடலாம்.”

“பொட்டலம் கட்டி வாங்கிட்டு வரட்டுமா, அப்படியே போதுமா?” என்றான் மாப்பிள்ளை, ஸ்கூட்டர் சாவியை எடுத்தபடி.

* * *

டிரைவிங் ஸ்கூல் ஓனர் ஒரு பழைய காரின் முன் இருக்கையைக் கழற்றி நாற்காலியாக்கியிருந்தார். பெல்ட்டும் இருந்தது. போட்டிருந்தார். மேஜையில் பழகுவதற்கான ஸ்டியரிங் ஒன்று ஆணியடித்து நின்றது. பேசும்போது கை தானாக அதன்மேல் போனது.

“வாங்க. மெதுவா இடது பக்கம் ஒடிச்சு உட்காருங்க” என்று வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் கை இறுகியது. “அது என் சொந்தப் படைப்பு சார். ராப்பகலா செதுக்கினது.”

“போன வருஷம் நீங்க செதுக்கினதையும் பார்த்தேன் தலைவரே” என்றான் மாப்பிள்ளை. “கதாநாயகி கார் ஓட்டற சீன் மட்டும் வரிசையா வரும். நடுநடுவுல ‘இங்கே கிளட்ச் மிதிக்கப்படவில்லை’ன்னு எழுத்து ஓடும்.”

“அது விழிப்புணர்வு.”

“எத்தனை பேர் பாராட்டினாங்க?”

“ரெண்டு பேர்.” தலைவர் ஹார்ன் இல்லாத ஸ்டியரிங்கின் நடுவை அழுத்தினார். “அதுல ஒண்ணு என்னோட இன்னொரு நம்பர். இப்போ அதுக்கென்ன?”

“புது வீடியோவுக்கு வெட்டின துண்டுகளைப் பார்க்கலாமா?” என்றார் மூக்கு சார்.

தலைவர் தயாராக இருந்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே வரிசையாகச் சத்தமில்லாத துண்டுகள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. கண்ணாடிக்கடைக்காரரிடம் ஒன்றுகூட இல்லை. இவரிடம் எல்லாமே இருக்கிறது.

மூக்கு சார் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். கதாநாயகி சிரித்தாள், முடிந்தது. மழை பெய்தது, முடிந்தது. கல்யாணப் பந்தல், முடிந்தது.

“தையல்காரர் கடைக்குப் போயிருக்கீங்களா தலைவரே?”

“இதுக்கும் அதுக்கும் என்ன சார்?”

“அங்கே காலடியில மிச்சத்துணி கிடக்கும். வெட்டறவன்கிட்ட எப்பவும் மிச்சம் இருக்கும். ஒரு சிரிப்பு வேணும்னா, சிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் சேர்த்துத்தான் எடுப்பான். அப்புறம் பாட்டுக்குத் தகுந்த மாதிரி நறுக்குவான். உங்க துண்டு ஒவ்வொண்ணும் வீடியோவுல எவ்வளவு வருதோ அவ்வளவேதான் இருக்கு. ஒரு நூல்கூட மிச்சமில்லை.”

“தைச்ச சட்டையைப் பிரிச்சு, இதான் துணின்னு காட்டறார் மாமா” என்று மாப்பிள்ளை காதைக் கடித்தான். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தலைவர் அசரவில்லை. “நான் கோட்டுக்கு ஒரு விரல் வெளியே போகாம வண்டி நிறுத்தறவன் சார். எனக்கு மிச்சம் வராது.”

பதில் மட்டமானதுதான். ஆனால் தப்பென்று நிரூபிக்க முடியாது. மூக்கு சார் கடைசித் துண்டைத் திறந்தார். கதாநாயகி மேஜை விளக்கை அணைக்கிறாள். கதவைச் சாத்துகிறாள். திரை முழுக்க இருட்டு. பாட்டின் கடைசி வரி அந்த இருட்டின் மேல் வர வேண்டும்.

மூக்கு சார் குனிந்தார். மூக்கு திரையைத் தொட்டது. “மாப்ள, இந்த இருட்டுல என்னமோ தெரியுது.”

“உங்க நிழல் மாமா. கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளினார். அப்போதும் தெரிந்தது. கறுப்புக்குள் மங்கலாக எழுத்துகள். மேலே பெரிதாக ஒன்று, அதன் கீழே கொஞ்சம் சிறியதாக இரண்டு, அதற்கும் கீழே இன்னும் பொடிசாக ஒரு வரிசை.

“டிஸ்க் இருக்கா தலைவரே? அதுல இதே சீனைப் போடுங்க.”

தலைவரின் டிஸ்க் புத்தம் புதிதாக இருந்தது. போட்டார். விளக்கு அணைந்தது. இருட்டு, சுத்தமான இருட்டு. எழுத்து இல்லை.

“டிஸ்க்ல இல்லாத எழுத்து வீடியோவுல எப்படி வந்துச்சு?”

தலைவர் நெற்றியைத் துடைத்தார். “அது... அது நான் சேர்த்தது. எஃபெக்ட்.”

“என்ன எஃபெக்ட்?”

“கதாநாயகியோட தலையெழுத்து.”

மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

“தலையெழுத்து கீழே போகப் போக ஏன் சின்னதாகுது?” என்றான் மாப்பிள்ளை.

“வயசாக ஆக வாழ்க்கை சுருங்குது தம்பி. அனுபவிச்சாத்தான் புரியும்.”

மூக்கு சார் நிமிர்ந்தார். அவர் கண்ணில் வெளிச்சம். “தலைவரே, மேலே பெருசு, கீழே பொடிசு. இந்த மாதிரி எழுத்துப் பலகை உலகத்துல ஒரே இடத்துலதான் தொங்கும். கண்ணு டெஸ்ட் பண்ற இடத்துல. யாரோ இந்த சீனை டிவியில ஓடவிட்டு, கேமராவால படம் பிடிச்சிருக்காங்க. திரை இருட்டானதும் அது கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. எதிர்ச் சுவத்துல இருந்த பலகை அதுல விழுந்திருக்கு. பலகை கண்ணாடிக்கடைக்காரரோடது.”

மாப்பிள்ளை கைதட்டப் போனான். தலைவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். முகத்தில் பயம் இல்லை. சிரிப்பு இருந்தது.

“சார், கண்ணாடியைப் பத்தி எங்கிட்டயா? தினமும் பின்னாடி வர்றவனைக் கண்ணாடியில பார்த்து வாழறவன் நான். ஆம்புலன்ஸ் முன்னாடி பேரை ஏன் திருப்பி எழுதறாங்க? முன்னால போறவன் கண்ணாடியில பார்த்தா எழுத்து இடம் வலம் மாறித்தான் தெரியும், அதனாலதான். டிவியில விழுந்த நிழல்னா இந்த எழுத்தும் மாறித்தானே இருக்கணும்? நல்லாப் பாருங்க. ‘க’ கவாவே இருக்கு. ‘ட’ டவாவே இருக்கு. எல்லாம் நேரா இருக்கு. இது நிழல் இல்லை. என் எஃபெக்ட்!”

மூக்கு சார் பார்த்தார். எழுத்துகள் நேராகத்தான் இருந்தன.

“வெளியே போறப்போ ரெண்டு பக்கமும் பார்த்துப் போங்க” என்றார் தலைவர்.

தெருவுக்கு வந்ததும் மாப்பிள்ளை ஸ்கூட்டரை உதைத்தான். “மூக்குடைஞ்சுட்டீங்களே மாமா. உங்களுக்குச் சேதம் ஜாஸ்தி.”

“கடைக்கு விடு.”

“எதுக்கு? ஆறுதல் சொல்லவா?”

“அந்தப் பலகையைப் பார்க்கணும். தப்பா இருந்தாலும் கண்ணால பார்த்துட்டுத் தப்பாகறேன்.”

* * *

கண்ணாடிக்கடையின் பரிசோதனை அறை அறை என்று சொல்லும்படி இல்லை. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே விட்டுப்போன சந்து. ஒரு நாற்காலி போட்டதும் மூன்று பேர் நிற்க மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை இடமில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

“அந்த விளக்கு அணைக்கிற சீன்...” என்று மூக்கு சார் ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கண்டுபிடிச்சுட்டீங்களா? அந்த ஒண்ணு மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்த முடியலை சார். எங்க டிஸ்க்ல சரியா அந்த இடத்துல கீறல். கம்ப்யூட்டர் படிக்கவே மாட்டேன்னுடுச்சு. டிவிடி பிளேயர்ல போட்டா மட்டும் தட்டுத் தடுமாறி ஓடுச்சு. அதான் வெளியே இருக்கிற டிவியை இங்கே தூக்கிட்டு வந்து, அறையை இருட்டாக்கி, போன்ல படம் பிடிச்சேன். சொன்னா கத்துக்குட்டின்னு நினைப்பீங்களேன்னு சொல்லலை.”

“கூட யார் இருந்தா?”

“யாருமில்லை! நான் மட்டும்தான்! வேற ஒண்ணும் நடக்கலை!”

“கேட்டது ஒண்ணு, பதில் மூணு” என்றான் மாப்பிள்ளை.

பேச்சை மாற்றவோ, நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கை சும்மா இருக்காது என்பதாலோ, கண்ணாடிக்கடைக்காரர் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாப்பிள்ளையின் முகத்தில் மாட்டினார். “எதிர்ல பார்த்து மேலேர்ந்து படிங்க.”

“க. ட, ஞ. மூணாவது வரிசை... அது எறும்பு ஊர்வலமா?”

“உங்களுக்குப் பவர் இருக்கு தம்பி.”

“வீட்ல எந்தப் பவரும் இல்லை சார், இதுவாவது இருக்கட்டும்.”

மூக்கு சார் கேட்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பலகை இல்லை. ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. எழுத்துகள் அதற்குள் தெரிந்தன. மெதுவாகத் திரும்பினார். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, உள்ளே விளக்கெரியும் எழுத்துப் பலகை. அதில் ‘க’வின் வளைவு தப்பான பக்கம் போயிருந்தது. ‘ட’ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“இது ஏன் திருப்பி எழுதியிருக்கு?” என்றார்.

“அறை சின்னது சார். எழுத்துக்கும் ஆளுக்கும் நடுவுல நல்ல தூரம் வேணும். அவ்வளவு இடம் எங்கே? அதான் பலகையைத் தலைக்கு மேல மாட்டிட்டு, எதிர்ல கண்ணாடி வச்சிருக்கோம். கண்ணாடியில பார்த்தா தூரமும் ரெட்டிப்பாகும், திருப்பி எழுதினதும் நேராகும். சின்னக் கடை எல்லாத்துலயும் இப்படித்தான்.”

“இதை ஏன்யா முதல்லயே சொல்லலை?”

“எதைச் சார்? தினமும் பார்க்கறேன். எனக்கு இதுதான் நேர்.”

“படம் பிடிச்சப்போ இந்த விளக்கை அணைக்கலையா?”

“இதையா?” அவர் பலகையை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். “இது காலையில போட்டா கடை சாத்தறப்போதான் அணைப்பேன். இது எரியறதே எனக்குத் தெரியாது.”

மூக்கு சார் பெருமூச்சு விட்டார். அறையிலிருந்த காற்றில் பாதி போனது. “தலைவர் இங்கே வந்திருக்காரா?”

“அடிக்கடி. லைசென்ஸ் எடுக்கறவங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணிச் சீட்டுக் கொடுக்கணுமே, கும்பலாக் கூட்டிட்டு வருவார். நான் உள்ளே ஒவ்வொருத்தரா டெஸ்ட் பண்ணுவேன். அவர் வெளியே உட்கார்ந்து டிவி பார்ப்பார்.”

“வீடியோ முடிஞ்சதும் அதே டிவியில போட்டுப் பார்த்தீங்களா?”

“ஆமா, பெருசாப் பார்த்தா எப்படி இருக்குன்னு பென் டிரைவைச் சொருகி...” வாய் அப்படியே திறந்து நின்றது. “எடுக்க மறந்துட்டேன் சார். ரெண்டு நாள் அதுலயேதான் இருந்துச்சு.”

“மாப்ள, பலகையைக் கழட்டு.”

“மாமா, கரண்ட் இருக்கு.”

“உனக்குத்தான் பவர் இருக்கே. கழட்டு.”

* * *

விழா மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேடையில் வெள்ளைத் திரை. அதன் பக்கத்தில் கோட்டு போட்ட தலைவர். மைக்கின் அருகே பொருளாளர், அதாவது கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி, துணி மூடிய கேடயத்தைக் குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் வரிசையில் அவள் அக்கா. அக்காவின் காலடியில் இரண்டு பெட்டிகள்.

எழுத்துப் பலகையைத் தோளில் சுமந்து மாப்பிள்ளை உள்ளே வந்தபோது கதவருகே இருந்த இருவர் எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர் கும்பிட்டார்.

“கேடயம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இருட்டைப் பார்த்துடலாம்மா” என்றார் மூக்கு சார், மேடையேறி.

மனைவி கணவரைப் பார்க்கவில்லை. “சீக்கிரம் சார். வண்டிக்கு நேரமாச்சு.”

திரையில் விளக்கு அணைந்தது. கறுப்புக்குள் எழுத்துகள் வந்தன. பெரிய திரையில் நன்றாகவே தெரிந்தன. மூக்கு சார் விஷயத்தைச் சொன்னார். தலைவர் மறுபடி ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் தலையாட்டியது. அப்போது மாப்பிள்ளை பலகையைத் தூக்கிக் காட்டினான். எல்லா எழுத்தும் முதுகைக் காட்டி நின்றது. மூக்கு சார் ஓர் அம்மாவிடம் கைக்கண்ணாடி வாங்கி அதன் முன் பிடித்தார். க. ட, ஞ.

“திருப்பி எழுதினது, திரும்பி விழுந்தா நேராகும். உங்க ஆம்புலன்ஸ் மாதிரியேதான் தலைவரே.”

மண்டபத்தில் சலசலப்பு. ஆனால் தலைவர் பல வருடம் வண்டி ஓட்டியவர், முட்டுச்சந்திலும் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவர்.

“சரி, ஒத்துக்கறேன். எஃபெக்ட் இல்லை. அந்தக் கடையிலதான் எடுத்தேன். ஆனா எடுத்தது நான்! பசங்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்போ, அவர் அசந்த நேரத்துல நானே டிவியை உள்ளே வச்சுப் படம் பிடிச்சேன். அதைப் பார்த்துத்தான் அவர் காப்பி அடிச்சார். பலகை அவருதா இருக்கலாம். கை என்னுது!”

கேடயத்தின்மேல் இருந்த துணியை மனைவி மெதுவாக இழுக்க ஆரம்பித்தாள். அக்கா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“நல்லது” என்றார் மூக்கு சார். “டிவிக்கு எதிர்ல நின்னுதானே படம் பிடிக்கணும்? பின்னால இருக்கிற பலகையே விழுந்திருக்குன்னா, முன்னால நின்ன ஆளும் விழுந்திருப்பார். மாப்ள, வெளிச்சத்தை ஏத்து.”

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் கை வைத்தான்.

“வேண்டாம்!”

கத்தியது தலைவர் அல்ல. கண்ணாடிக்கடைக்காரர். நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடி வந்தார். “வேண்டாம் சார். நான் தோத்துட்டேன்னே வச்சுக்கோங்க. அவரே எடுத்தார். கேடயத்தைக் கொடுத்துடுங்க.”

மூக்கு சாருக்கே தூக்கிவாரிப் போட்டது. “என்னய்யா இது? உம்ம கேஸ்!”

“கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“மாமா” என்றான் மாப்பிள்ளை மெல்ல, “நம்ம ஆளேதான் திருடனோ?”

தலைவர் முகத்தில் சந்தோஷம் ஊறியது. மனைவி முதன்முறையாகக் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் கேடயத்தை மேஜைமேல் வைத்தாள்.

“ஏத்துங்க தம்பி” என்றாள்.

மாப்பிள்ளை ஏற்றினான். கறுப்பு சாம்பலானது. பலகை பளிச்சென்று எரிந்தது. அதன் முன்னே தலையும் தோளுமாக ஓர் உருவம். இன்னும் ஏற்றினான். ஒரு கையில் போன். இன்னொரு கை கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. உதடு கோணியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

யாரோ பின்வரிசையில் ‘ப்ச்’ என்றார்கள்.

தலைவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் ஒரு தடவையாவது கைத்தட்டு வாங்கணும்னு இருந்துச்சு சார். அந்த டிவியில பார்த்தப்போ, இப்படி ஒண்ணு நமக்கு வராதான்னு தோணுச்சு. பென் டிரைவ் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு.”

“கிளட்ச் மிதிக்காம கியர் மாத்திட்டீங்க தலைவரே” என்றான் மாப்பிள்ளை.

மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கணவர் எதிரில் நின்றாள்.

“அழுதீங்களா?”

“தூசிம்மா.”

“நாள் பூரா துடைச்சுத் துடைச்சு வைக்கிற கடையில தூசியா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி மாட்டினார்.

“அந்த சீனை எத்தனை தடவை எடுத்தீங்க?”

“நிறைய.”

“ஏன்?”

“ஒவ்வொரு தடவையும் அவ விளக்கை அணைக்கிற இடம் வந்ததும் கை ஆடிடுது. தலைவர் போட்டதைப் பார்த்தா எவ்வளவு நல்லா இருக்கு, எனக்கு அப்படி வரவே இல்லை.”

“அது உங்களுதுதாங்க” என்றாள் மனைவி.

“ஆமா, இல்லை?”

முன்வரிசையில் அக்கா மூக்கை உறிஞ்சினாள். “என் வீட்டுக்காரரும்தானே சிரிச்சார். அவர் எப்போ அழுவாராம்?”

“நீ கிளம்புக்கா, வண்டி போயிடும்.” மனைவி ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையிடமிருந்து எழுத்துப் பலகையை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கதவு வரை போனவள் நின்று திரும்பினாள்.

“படம் ரொம்ப ஆடுது. வீட்டுக்குப் போனதும் திரும்ப எடுக்கணும். போனை நான் பிடிச்சுக்கறேன். நீங்க அழற வேலையை மட்டும் பாருங்க.”